அந்தப் படம் காட்டாத அப்பா

மகனே,

நாளை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நீ மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவாய். வந்ததும் பதில் கேட்பாய். வாயால் சொல்ல எனக்கு வராது. சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன், உனக்கு என்னைத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் இதுவரை மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை கேட்டைச் சாத்தினேனா என்று பார்க்க, மற்ற இரண்டு தடவையும் எதற்கென்றே தெரியாமல். போன சனிக்கிழமையிலிருந்து எனக்கு இப்படித்தான் இருக்கிறது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் நீ வந்து சொன்னபோது இப்படி எதுவும் இல்லை. ரூமேனியாவில் உனக்கும் மருமகளுக்கும் ஒரே ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷம், இப்படி இரண்டு பேருக்கும் சேர்ந்து அமைவது அபூர்வம், விட்டால் திரும்பக் கிடைக்காது என்றாய். ஷெரினையும் ஜோயலையும் இங்கே மாத்தளையில் என்னிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டாய். "உங்கள நம்பித்தான் அப்பா" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. "சரி மகன், போய்ட்டு வாங்க" என்றேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது. உன் அம்மா இறந்து நாலு வருஷமாக வெறுமையாகக் கிடக்கிற வீடு இது. மறுநாளே பின்னறையில் கிடந்த சாமான்களை எல்லாம் எடுத்துப் போட்டு, சுவருக்குப் பெயின்ட் அடித்தேன். ஜோயலுக்கு மஞ்சள் பிடிக்கும் என்று மஞ்சள். அந்த ஆசை பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைப் படித்த பிறகு அதை நீ நம்புவது கஷ்டம்.

நம் கோயிலுக்கு வந்திருக்கிற புது ஃபாதர் இளைஞர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு, மண்டபத்தில் ஒரு படம் போடுகிறார். படம் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார். நான் கதிரைகளை அடுக்கிக் கொடுக்கத்தான் போனேன். அடுக்கிவிட்டு வந்திருக்கலாம். ஏதோ வெளிநாட்டுப் படம், பேச்சு ஒன்றும் விளங்காது, கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. லொறியும் டிரக்டரும் ஓட்டிய காலத்தில் பெயர்ப்பலகை படித்துப் படித்தே எனக்குச் சிங்கள எழுத்து வந்துவிட்டது என்பதால் கடைசிக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். குளிர் தேசத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. தாய் இல்லாத மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், அடுத்தவனுக்கு ஏழு, கடைசி இப்போதுதான் நடை பழகுகிறது. தகப்பன் ஒரு பையை எடுத்துக்கொண்டு மூன்று நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். வரவில்லை. அவ்வளவுதான் கதை.

ஒருவரும் அந்தப் பிள்ளைகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாண் விற்கிறவன், தபால்காரன், ரீச்சர், எல்லோரும் நல்லவர்கள். வழியில் கண்டால் சிரித்து, தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். யாராவது கதவைத் தட்டினால் 'அப்பா குளிக்கிறார்' என்று சொல்ல மூத்தவள் தம்பிக்குப் பழக்குகிறாள். முதலில் சவர்க்காரம் முடிகிறது, பிறகு விளக்கு எரியவில்லை, பிறகு அடுப்பு. பிள்ளைகள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர்கள் விளையாடுகிறார்கள், மகனே. போர்வைக்குள் மூன்று பேரும் புகுந்துகொண்டு கப்பல் ஓட்டுகிறார்கள். கடைசியில் அந்தப் பெண் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுக வீதியில் நடந்து போகிறாள். ஆரம்பத்தில் முழங்காலுக்குக் கீழே இருந்த அவளுடைய சட்டை இப்போது முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. அதோடு படம் முடிந்துவிட்டது. தகப்பன் எங்கே போனான் என்று கடைசி வரை காட்டவில்லை.

விளக்கைப் போட்டுவிட்டு ஃபாதர், "சொல்லுங்க, இதில யார் மேல பிழை?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை சொன்னாள். "அந்த அப்பா செத்திருப்பாரு ஃபாதர். ஏதாவது எக்சிடன்ட் ஆகியிருக்கும். இல்லன்னா பிள்ளைங்கள விட்டுட்டு வராம இருப்பாரா?" எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் செத்திருக்க வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் விரும்பினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தத் தகப்பன் எங்கே இருந்தான் என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மார்க்கெட் வரைக்கும் நடந்தேன், பஸ் ஸ்டாண்டைச் சுற்றினேன், மாரியம்மன் கோயில் வீதியால் போய் ஸ்டேஷன் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். எங்கேயாவது நின்றால் அந்தப் பெண் சொன்னது காதில் கேட்டது.

உனக்குப் பதினொரு வயது, நிரோஷாவுக்கு ஆறு. நாம் பல்லேபொலயில் ஹாஜரா மாமியின் காணிக்குள் அந்தச் சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் எட்டு மாதம். நான் மாத்தளை முதலாளி ஒருவருடைய டிரக்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரும்போக அறுவடைக்கு வில்கமுவ பக்கம் டிரக்டரைக் கொண்டு போகச் சொன்னார். பதினைந்து நாள் வேலை. அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய் எல்லாம் வாங்கிப் போட்டேன். உன்னைக் கூப்பிட்டு, "தங்கச்சியப் பாத்துக்க. வில்கமுவைக்குப் போறேன், பதினஞ்சு நாள்ல வந்துருவேன். நான் வீட்டுல இல்லன்னு யாருக்கும் சொல்லாத, அம்மா போன் பண்ணினா அவகிட்டயும் சொல்லாத" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அவ்வளவு சின்ன பிள்ளைகளை அப்படி விட்டது பிழை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் யாருக்கும் சொல்லாதே என்றேன்.

நான் இரண்டு மாதம் கழித்து வந்தேன். ஏன் அவ்வளவு நாள் என்று நீ என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். வேலை மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. டிரக்டரை முதலாளியின் ஆள் வந்து எடுத்துப் போனான். என்னையும் ஏறச் சொன்னான். இங்கே ஒரு சின்ன வேலை இருக்கிறது, பஸ்ஸில் வருகிறேன் என்றேன். ஒரு வேலையும் இல்லை. அடுத்த நாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தான், நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். பஸ் போய்விட்டது. அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த தடவை பையை எடுத்துக்கொண்டு போகவே இல்லை, வெறுங்கையோடு போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். எனக்கு அங்கே வேறு பெண் இல்லை, குடி இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்ல லேசாக இருந்திருக்கும். வயலுக்குள் இருந்த வாடிக் குடிசையில் படுத்தேன். வாய்க்காலில் குளித்தேன். கடையடியில் கேரம் விளையாடினேன். யாராவது கூப்பிட்டால் கூலிக்குப் போனேன். 'அப்பா' என்று என்னைக் கூப்பிட அங்கே யாரும் இல்லை. பதினேழு வயதிலிருந்து யாருக்காவது உழைத்துக்கொண்டிருந்தவன் நான். முதல் தடவையாக என் தலையில் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருந்தேன். இந்தச் சொல்லை எழுத எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. திரும்பி வந்ததுகூட உங்களை நினைத்து அல்ல. மழை தொடங்கிவிட்டது, வாடிக் கூரை ஒழுகியது.

நான் வந்த அன்று நடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். என்ன பொய் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. வாசலில் மாமியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னே நீ ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "காய்ச்சல் நல்லாயிடுச்சா அப்பா? ஆஸ்பத்திரியில விட்டுட்டாங்களா?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். அந்த 'ம்'மோடு எல்லாம் முடிந்துவிட்டது. யாரோ உனக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், நீ நம்பியிருக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை காலை பல்லேபொல பஸ்ஸில் ஏறினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, வீட்டில் இருக்க முடியவில்லை. ஹாஜரா மாமி இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வலி, ஆனால் கண்ணும் ஞாபகமும் கூர்மை. மாமியின் புருஷன் மௌத்தாகி ஆறு வருஷமாம். நாம் இருந்த வீட்டை இடித்து மிளகு நட்டிருக்கிறார்கள். மாமி கதிரை போட்டு, இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்து, உன்னையும் நிரோஷாவையும் பேர் சொல்லி விசாரித்தார். நான் சுற்றி வளைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். மாமி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க அந்த நேரம் ஆஸ்பத்திரியில ஈக்கல்லதானே" என்றார்.

"இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "மொத ரெண்டு கெழம எங்களுக்கு ஒண்டும் வெளங்கல்ல. எங்கட வீட்டுலயிருந்து பார்த்தா ஒங்கட கொடி மட்டும்தான் தெரியும். அதில ஒங்கட ஷேட் ஒண்டு டெய்லி காயும். நீங்க ராவைக்கு வந்து விடிய முந்திப் போறீங்கண்டு நெனச்சோம். பொறகுதான் ஒரு நாள் பார்த்தேன், டெய்லி அதே நீலச் ஷேட். அழுக்கில்லாத ஷேட்ட புள்ள நனைச்சு நனைச்சுப் போட்டிருக்கான். கேட்டா, அப்பாவுக்கு அந்த ஷேட்தான் விருப்பம் மாமி எண்டான்." காலையில் நீ அவர்களுடைய மரங்களுக்கடியில் விழுந்த சாதிக்காயைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பாயாம். மாமி பதிலுக்கு ஒரு கிண்ணம் சோறு கொடுத்தால் அங்கேயே சாப்பிட மாட்டாயாம், மூடிக்கொண்டு போவாயாம்.

ஐந்தாவது வாரம் நிரோஷாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. நீ அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாய். நர்ஸ், அம்மா எங்கே என்று சிங்களத்தில் கேட்டதற்கு, மருந்து எடுக்கிற வரிசையில் நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறாய். தற்செயலாக மாமியின் புருஷன் அங்கே இருந்திருக்கிறார். அவர்தான் உங்கள் இரண்டு பேரையும் திரீவீலரில் கூட்டி வந்திருக்கிறார். மாமி உன்னை உட்கார வைத்து, இனி இது சரிவராது, நாளைக்குக் கிராம சேவகரிடம் சொல்லப்போகிறேன் என்றாராம்.

"அழல்ல தம்பி, ஒங்கட மகன்" என்றார் மாமி. "நின்டுகிட்டுச் சொன்னான். சொல்லாதீங்க மாமி, சொன்னா எங்கள ஹோமுக்குக் கொண்டு போவாங்க, பொம்பளப் புள்ளைங்க வேற எடம், ஆம்பளப் புள்ளைங்க வேற எடம், தங்கச்சி நான் இல்லாம தூங்க மாட்டா. ஒரு நாள் குடுங்க, நான் போய் அப்பாவக் கூட்டிக்கிட்டு வாறேன் எண்டான். எங்கட அவர்தான் பஸ்ஸுல ஏத்தி, கண்டக்டருக்கிட்ட சொல்லிவிட்டார். வெள்ளனப் போனவன் பொழுதுபட்டு மஃரிப் தொழுற நேரம் வந்தான். தனியத்தான் வந்தான். அப்பா ஈந்தாராண்டு கேட்டேன். இருக்காரு மாமி, நல்லா இருக்காரு எண்டான். சோறு போட்டேன், தொடல்ல. படியில குந்திக்கிட்டு ஈந்தான். கொஞ்சம் பொறுத்து, மாமி, அவருக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில இருக்காரு, யாராவது கேட்டா அப்படிச் சொல்லுங்க எண்டான். நாங்களும் சொன்னோம். அதுக்குப் பொறகு நீங்க வாற வரைக்கும் மூணு கெழம ரெண்டு புள்ளையும் எங்கட வீட்டுலதான் தின்டு தூங்கிச்சு. நீங்க வந்த அண்டைக்கு நான் ஒங்கட மூஞ்சியப் பார்க்கல்ல. ஞாபகம் ஈக்கா?"

ஞாபகம் இருந்தது. வெயிலில் கண் கூசியதால் திரும்பிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை வில்கமுவைக்குப் போனேன். நீ போன தூரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. இரண்டு பஸ். இரண்டாவது பஸ்ஸுக்கு வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். வளைவுகளில் நானே முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை, வழி தெரியாது, யாரிடமும் அதிகம் பேசவும் கூடாது. போய்ச் சேர்ந்து இறங்கி நின்று பார்த்தேன். நாங்கள் கேரம் விளையாடிய கடை இப்போது போன் திருத்துகிற கடை. ஆனால் இடம் அதே இடம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இருபது அடிகூட இல்லை. நீ தேடி அலைந்திருக்கத் தேவையில்லை. இறங்கியதும் கண்டிருப்பாய்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். காற்று வந்தது. போன் சார்ஜ் இறங்கி நின்றிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இதமாக இருந்தது. அழுதுகொண்டு வர வேண்டிய வழியில், அதே பழைய இதம். அறுபத்துமூன்று வயதில், எல்லாம் தெரிந்த பிறகும். அதைக் கண்டபோதுதான் எனக்கு மெய்யாகப் பயம் வந்தது. நான் மாறிவிட்டேன் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. எழுதினால் பொய்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டதும் உனக்கு எடுத்தேன். நான் வில்கமுவைக்குப் போய் வந்தேன் என்று சொன்னேன். பின்னால் ஜோயல் எதற்கோ சத்தம் போடுவது கேட்டது. "எதுக்குப்பா போனீங்க?" என்றாய். "நீ அன்னைக்கு அங்க வந்தியா மகன்?" என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு நீ வெளியே வருகிற சத்தம் கேட்டது. "ம்" என்றாய்.

"ஏன் கூப்பிடல?"

"நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்கப்பா. பக்கத்துல இருந்தவர் தோள்ல கையப் போட்டுக்கிட்டு. வீட்டுல நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. கூப்பிட்டா நின்னுரும்னு தோணுச்சு."

அதற்குப் பிறகு நீ ஏதோ சொன்னாய், எனக்குக் காதில் ஏறவில்லை. போனை வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். அம்மா குவைத்திலிருந்து வந்த வருஷம் நடந்தது கண்ணுக்கு முன் வந்து நின்றது. எனக்கு நோய் மாறியதற்காக அவள் நேர்த்தி வைத்திருந்தாளே. நாலு பேரும் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். வராத நோய்க்கு நன்றி சொல்ல நான் முழங்காலில் நின்றேன், நீ பக்கத்தில் கைகூப்பி நின்றாய். பன்னிரண்டு வயது. எல்லாம் தெரிந்துகொண்டு நின்றிருக்கிறாய். அம்மா சாகும் வரைக்கும் அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் சொல்லாதது கோழைத்தனம். நீ சொல்லாததற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்தும் 'உங்கள நம்பித்தான் அப்பா' என்று எப்படிச் சொன்னாய் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். என்னை மன்னித்துச் சொன்னாயா, வேறு வழியில்லாமல் சொன்னாயா? நாளைக்கு என்னிடம் சொல். எதுவானாலும் கேட்டுக்கொள்வேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேனா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி ஷெரின். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது அவள் என்ன செய்தாள் என்று நீ கவனிக்கவில்லை. பின்னறைக்குப் போய், தம்பி எந்தப் பக்கம் படுப்பான், பாத்ரூம் லைட் எங்கே, அவனுக்கு இருமல் மருந்து எதில் வைப்பது என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வயது. நீங்கள் இன்னும் விமானம் ஏறவில்லை, அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். நான் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், மூன்று வேளையும் சமைத்துப் போட்டாலும், நீங்கள் இரண்டு பேரும் போன அன்றே அவள் ஜோயலுக்குத் தாயாகிவிடுவாள். நீ ஆனாய். போன வாரம் வரை நான் அதைப் பொறுப்பான பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு நாளாவது வீதியில் கிரிக்கெட் விளையாடிவிட்டு நேரம் பிந்தி வந்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறாயா? இல்லை. அது பெருமை இல்லை, மகனே. அதை உன்னிடமிருந்து நான் எடுத்துவிட்டேன்.

அதனால் என் பதில் இது. இரண்டு பேரும் போகாதீர்கள். ஒருவர் போங்கள். மற்றவர் பிள்ளைகளோடு இந்த வீட்டுக்கு வந்துவிடுங்கள், நீங்கள் இப்போது இருக்கிற உக்குவளை வாடகை வீட்டை விட்டுவிடலாம். நான் முன்னறையில் படுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விடுவது, கூட்டி வருவது, சோறு சமைப்பது எல்லாம் நான் செய்கிறேன். நான் ஓடினாலும் வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். இதைக் கேட்டு மருமகள் கவலைப்படுவாள், அவள் எவ்வளவு நாளாக இந்தப் பயணத்தை எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. எல்லாவற்றையும் படித்த பிறகும் இரண்டு பேரும் போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், நான் முடியாது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நீங்கள் என்னைவிட மோசமான ஓர் இடத்தில் விடுவீர்களோ என்று பயம். ஆனால் அப்போது எனக்குக் காவல் வைத்துவிட்டுப் போ. இந்த வீட்டுக்குள் எந்த நேரமும் கேட்காமல் வந்து பார்க்கிற உரிமையை இரண்டு பேருக்காவது கொடு. யாருக்கும் சொல்லாதே என்று நான் உனக்குச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. பிள்ளைகளைத் தனியே விட்டது அதற்கு அடுத்ததுதான்.

சொன்னால் போதாது என்று நானே தொடங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஃபாதரிடம் போய் எல்லாம் சொன்னேன். வெளியே சொல்லக் கூடாத பாவசங்கீர்த்தனமாகச் சொல்லவில்லை. கதிரையில் உட்கார்ந்து, மற்ற மனிதனிடம் சொல்கிற மாதிரி, வேறு ஆட்களுக்குச் சொல்லலாம் என்று சொல்லியே சொன்னேன். வாரத்தில் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றார். பிறகு கண்டிக்கு, நிரோஷாவுக்கு போன் எடுத்தேன். அவளுக்கு அந்த நாட்கள் எப்படி ஞாபகம் இருக்கிறது தெரியுமா? "அண்ணன் என்னக் கட வச்சு விளையாட விட்டுச்சே, சாதிக்கா ஓட்ட வச்சு, அந்த நாளாப்பா? நல்ல ஜாலியா இருந்துச்சே" என்றாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று அவளும் அன்று வரை நம்பியிருந்தாள். நான் சொல்லி முடித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நான் எடுத்த இரண்டு தடவையும் எடுக்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு, நான் இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, கண்டி ரெயிலில் வந்து இறங்கி நேரே வீட்டுக்கு வந்தாள். வருவதாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள். அரிசி வாளியைத் திறந்து பார்த்தாள். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். மருந்துப் பெட்டியைக் கொட்டி, திகதி முடிந்த போத்தல்களை எடுத்து வெளியே வைத்தாள். மஞ்சள் அறைக்குள் போய் வெகுநேரம் நின்றாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து, "புதன்கிழம எங்க போயிருந்தீங்க? நான் காலையிலயிருந்து எடுத்தேன், போன் வேல செய்யல" என்றாள். சொன்னேன். எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்றெல்லாம் கேட்டாள். அதையும் சொன்னேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"திரும்பவும் வருவேன்" என்றாள். "எப்பன்னு சொல்ல மாட்டேன்."

"வா மகள்" என்றேன்.

இப்படிக்கு,
அப்பா